‘பைப்’ போட்டும் சரியாகத் தேடவில்லையா? ஒரு கட்டளையின் விடையை இன்னொரு கட்டளையின் தேடல் சொல்லாக்குவது எப்படி?

ஒரு நிறுவனத்திடம் 40,000 வாடிக்கையாளர்களின் பட்டியல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆஃபர் பற்றி எல்லோருக்கும் ஒரு மெசேஜ் போகிறது. அதில் 300 பேர் ‘ஸ்டாப்’ என்று பதில் அனுப்பிவிடுகிறார்கள். அடுத்த மெசேஜ் நாளை காலை. அதற்குள் அந்த 300 பேரை நீக்கிய பட்டியல் தயாராக வேண்டும். வேண்டாம் என்று சொன்னவருக்கு மறுபடியும் மெசேஜ் போனால் எரிச்சலாவார், புகார் கொடுப்பார், ஆப்பையே அன்இன்ஸ்டால் செய்வார்.

எக்ஸெலில் திறந்து விலுக்அப் போடலாம். ஆனால் ஃபைல் சர்வரில் இருக்கிறது, வேலையும் தினமும் வரும் என்றால் அது சரிப்படாது. லினக்ஸ் டெர்மினலில் இது ஒரே வரி வேலை. யாரெல்லாம் ‘ஸ்டாப்’ சொன்னார்கள் என்று ஒரு கட்டளை கண்டுபிடிக்கும். அந்த விடையை வைத்து இன்னொரு கட்டளை பெரிய பட்டியலில் தேடும்.

கேட்க ஈஸியாக இருக்கிறது இல்லையா? ஐடி வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் அதிகம் தடுமாறும் இடமும் இதுதான். இது எப்படி வேலை செய்கிறது, எங்கே காலை வாரும் என்று பார்ப்போம். (கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும்.)

முதலில், கிரெப் என்றால் என்ன?

ஒரு ஃபைலில் நீங்கள் கேட்கும் சொல் எந்தெந்த வரிகளில் இருக்கிறதோ, அந்த வரிகளை மட்டும் எடுத்துக் காட்டும் கட்டளைதான் கிரெப். அமெரிக்காவின் பெல் லேப்ஸில் யுனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன் எழுதியது. 1973-ல் வந்த யுனிக்ஸின் நான்காவது பதிப்பிலேயே இது இருந்தது.

பெயருக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. அப்போது யுனிக்ஸில் இருந்த ‘எட்’ என்ற எடிட்டரில் ‘ஜி / ஆர்இ / பி’ என்று கொடுத்தால், ஃபைல் முழுக்கத் தேடி, பொருந்தும் வரிகளை அச்சிடும். ‘குளோபல், ரெகுலர் எக்ஸ்பிரஷன், பிரின்ட்’ என்பதன் சுருக்கம் அது. அமெரிக்க அரசியல் சாசனத்தை ஆதரித்து 1787-88-ல் வெளியான 85 ‘ஃபெடரலிஸ்ட்’ கட்டுரைகளில் எதை யார் எழுதினார்கள் என்று ஆராய, பெல் லேப்ஸின் லீ மக்மேஹன் விரும்பினார். அந்தக் காலக் கம்ப்யூட்டரின் மெமரியில் எட்டால் அவ்வளவு பெரிய எழுத்தைத் திறக்க முடியவில்லை. தேடும் பகுதியை மட்டும் தனியாகப் பிரித்து, தாம்சன் ஒரே இரவில் கிரெப்பை எழுதிக் கொடுத்தார் என்று அவருடைய சக ஊழியர் பிரையன் கெர்னிகன் சொல்லியிருக்கிறார்.

அதே 1973-ல்தான் யுனிக்ஸுக்குப் பைப்பும் வந்தது. ஒரு புரோகிராமின் அவுட்புட், தோட்டத்துக் குழாய்களை இணைப்பதுபோல இன்னொன்றுக்குள் போக வேண்டும் என்ற யோசனையை டக் மெக்கில்ராய் 1964-லேயே எழுதிவைத்திருந்தார். அதைச் செய்து முடித்தவரும் தாம்சன்தான். நாம் இன்று தட்டும் | என்ற செங்குத்துக் கோடு அந்தக் குழாய்.

சரி, பைப் போட்டால் வேலை முடிந்ததா?

இங்கேதான் சிக்கலே. நம் உதாரணத்துக்கு வருவோம். ‘பதில்கள்’ என்ற ஃபைலில் ஒவ்வொரு வரியும் வாடிக்கையாளர் எண், கமா, அவர் அனுப்பிய பதில் என்று இருக்கிறது. ‘ஸ்டாப்’ சொன்னவர்களின் எண்களை மட்டும் எடுக்க:

கிரெப் ஸ்டாப் பதில்கள் | கட் -டி, -எஃப்1

கிரெப் வரிகளைப் பொறுக்குகிறது. ‘கட்’ அவற்றைக் கமாவில் வெட்டி முதல் பகுதியை மட்டும் தருகிறது. 412, 950, 2038 என்று வரிக்கு ஓர் எண் வெளியே வரும். இதுவரை ஓகே.

அடுத்து பலரும் செய்வது, இதன் பின்னால் இன்னொரு பைப் போட்டு ‘கிரெப் -வி வாடிக்கையாளர்கள்’ என்று எழுதுவது. ‘-வி’ என்றால் பொருந்தாத வரிகளைக் காட்டு என்று அர்த்தம். ‘வாடிக்கையாளர்கள்’ என்பது 40,000 வரிகள் உள்ள ஃபைலின் பெயர். லாஜிக் சரியாகத்தானே தெரிகிறது?

ஆனால் கிரெப் இதைப் புரிந்துகொள்வது வேறு மாதிரி. அதற்கு இரண்டு விஷயங்கள் தெரிய வேண்டும்: எதைத் தேடுவது, எதில் தேடுவது. பைப் வழியாக வருவதை அது ‘எதில்’ என்ற கணக்கில்தான் சேர்க்கும். ‘எதை’ என்பது கட்டளைக்குப் பிறகு வரும் முதல் சொல். ஆக, பைப்பில் வந்த 300 எண்களுக்குள் ‘வாடிக்கையாளர்கள்’ என்ற சொல்லைத் தேடும். எந்த எண்ணிலும் அந்தச் சொல் இல்லை. ‘-வி’ போட்டிருப்பதால், பொருந்தாத 300 எண்களும் அப்படியே வெளியே வரும்.

கவனித்தீர்களா? நீக்க வேண்டிய பட்டியலே இறுதிப் பட்டியலாக வந்துவிட்டது. எந்த எரர் மெசேஜும் இல்லை. பார்க்காமல் அனுப்பினால், ‘வேண்டாம்’ என்று சொன்ன அந்த 300 பேருக்கு மட்டும் மெசேஜ் போகும்!

அப்படியென்றால் எப்படிக் கொடுப்பது?

மூன்று வழிகள் இருக்கின்றன.

வழி 1: டாலர் அடைப்புக்குறி

கிரெப் -வி "$(கிரெப் ஸ்டாப் பதில்கள் | கட் -டி, -எஃப்1)" வாடிக்கையாளர்கள்

$( ) என்பதற்குள் இருக்கும் கட்டளையை ஷெல் முதலில் ஓட்டும். அதன் விடையை அதே இடத்தில் எழுத்தாக ஒட்டிவிட்டு, பிறகு வெளியே இருக்கும் கிரெப்பை ஓட்டும். இதற்கு ‘கமாண்ட் சப்ஸ்டிட்யூஷன்’ என்று பெயர். ஸ்டீஃபன் போர்ன் எழுதி, 1979-ல் யுனிக்ஸின் ஏழாவது பதிப்புடன் வந்த ஷெல்லில் இதற்குப் பின்சாய்ந்த ஒற்றை மேற்கோள்குறி பயன்பட்டது. டேவிட் கார்னின் ஷெல் கொண்டுவந்த $( ) வடிவத்தைத்தான் இப்போது எல்லோரும் எழுதுகிறார்கள். படிக்கவும் எளிது, ஒன்றுக்குள் ஒன்று வைக்கவும் எளிது.

விடை பல வரிகளாக இருந்தால்? பிரச்சினையே இல்லை. தேடல் சொல்லில் புதிய வரி வந்தால், ஒவ்வொரு வரியையும் தனித்தனி தேடல் சொல்லாக கிரெப் எடுத்துக்கொள்ளும். 412 அல்லது 950 அல்லது 2038 என்று கேட்டதற்குச் சமம்.

டபுள் கோட்ஸை மட்டும் மறக்கவே கூடாது. அது இல்லாவிட்டால் ஷெல் விடையைத் துண்டு துண்டாக உடைத்துவிடும். 412 மட்டும் தேடல் சொல்லாகும். 950, 2038 எல்லாம் ஃபைல் பெயர்கள் ஆகிவிடும். ‘அப்படி ஒரு ஃபைலே இல்லை’ என்று வரிசையாக எரர் கொட்டும்.

வழி 2: சின்ன எஃப்

கிரெப் ஸ்டாப் பதில்கள் | கட் -டி, -எஃப்1 | கிரெப் -வி -எஃப் - வாடிக்கையாளர்கள்

கிரெப்பில் ‘-எஃப்’ (ஆங்கிலச் சிறிய எழுத்து) என்றால், ‘தேடல் சொற்களை ஒரு ஃபைலில் இருந்து எடுத்துக்கொள்’ என்று பொருள். அடுத்து வரும் தனிக் கோடு, ‘அந்த ஃபைல் வேறெதுவும் இல்லை, பைப்பில் வருவதுதான்’ என்கிறது. இப்போது பைப்பில் வரும் எண்கள் ‘எதை’ என்ற கணக்கில் சேர்ந்துவிடும். முன்பு தப்பான வரிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இந்த ‘-எஃப் -’ மட்டும்தான்.

பட்டியல் பெரிதாக இருந்தால் இந்த வழிதான் நல்லது. லினக்ஸில் ஒரு கட்டளைக்குத் தரும் ஒற்றை ஆர்கியுமென்ட் 128 கிலோபைட்டைத் தாண்ட முடியாது. பத்து இலக்க எண்கள் என்றால் சுமார் 11,900 வரிகளில் வழி 1 நின்றுவிடும். ‘ஆர்கியுமென்ட் லிஸ்ட் டூ லாங்’ என்று திட்டும். ‘-எஃப்’ வழிக்கு இந்த வரம்பு கிடையாது.

வழி 3: ஃபைல் வேஷம்

கிரெப் -வி -எஃப் <(கிரெப் ஸ்டாப் பதில்கள் | கட் -டி, -எஃப்1) வாடிக்கையாளர்கள்

<( ) போட்டால், உள்ளே இருக்கும் கட்டளையின் விடை ஒரு ஃபைல் போல வேஷம் போட்டு வரும். பேஷ், இசட் ஷெல் போன்றவற்றில் வேலை செய்யும். சாதாரண ‘எஸ்ஹெச்’ ஷெல்லுக்கு எழுதும் ஸ்கிரிப்ட்டில் இதை நம்ப வேண்டாம்.

300 சொற்களை ஒரே நேரத்தில் எப்படித் தேடுகிறது?

40,000 வரிகளையும் 300 முறை படிக்கிறதோ என்று தோன்றலாம். அதற்கான பதில் 1975-ல் பெல் லேப்ஸில் கிடைத்தது. ஆல்ஃபிரட் ஏஹோவும் மார்கரெட் கொராசிக்கும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நூலகக் குறிப்புகளில் பல சொற்களைச் சேர்த்துத் தேடும் புரோகிராம் மெதுவாக இருந்தது. தங்கள் முறையால் அது 5 முதல் 10 மடங்கு வேகமானது என்று அதில் சொன்னார்கள்.

ஐடியா இதுதான். 4127, 4129, 4150 என்று மூன்று எண்களைத் தேட வேண்டும். மூன்றும் 41 என்றுதான் தொடங்குகின்றன. முதல் இரண்டும் 412 வரை ஒன்றாகவே போகின்றன. ஆகவே மூன்றையும் கிளை பிரியும் ஒரே மரமாக வரைந்துகொள்ளலாம். ஃபைலை ஓர் எழுத்து ஓர் எழுத்தாகப் படித்துக்கொண்டே மரத்தில் ஏற வேண்டும். நடுவில் பொருந்தாமல் போனால் ஃபைலில் பின்னால் போய் மறுபடி படிக்கத் தேவையில்லை. மரத்தில் எந்தக் கிளைக்குத் தாவ வேண்டும் என்று முன்பே குறித்துவைத்திருப்பார்கள். சொற்கள் 3 ஆனாலும் 300 ஆனாலும் ஃபைலை ஒரு தடவை படித்தால் போதும்.

இந்த முறையில் ஏஹோ எழுதிய கட்டளைதான் ‘எஃப்கிரெப்’. இப்போது அந்தப் பெயரில் தட்டினால் புதிய குனு கிரெப் ‘இது பழசு’ என்று எச்சரிக்கும் (2022-ல் வந்த 3.8 பதிப்பிலிருந்து). அதற்குப் பதில் ‘-எஃப்’ என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் கொடுக்க வேண்டும். ஆமாம், சின்ன எஃப் வேறு, பெரிய எஃப் வேறு. சின்ன எஃப் என்றால் ஃபைல். பெரிய எஃப் என்றால் ‘ஃபிக்ஸ்டு’, அதாவது உள்ளது உள்ளபடி.

உள்ளது உள்ளபடி என்றால்?

கிரெப்புக்கு நீங்கள் தரும் சொல் வெறும் சொல்லாக இருக்காது, அது ஒரு பேட்டர்ன். அதில் புள்ளி வைத்தால் ‘இங்கே எந்த எழுத்தும் இருக்கலாம்’ என்று பொருள். நட்சத்திரக் குறிக்கும் சதுர அடைப்புக்குறிக்கும் இப்படித் தனி அர்த்தம் உண்டு. நீங்களே டைப் செய்யும்போது இது கையில் இருக்கும். இன்னொரு கட்டளை தரும் விடையில் என்ன வரும் என்பது உங்கள் கையில் இல்லை.

2021 டிசம்பரில் லாக்4ஷெல் பாதுகாப்புக் குறை வெளியானபோது, தாக்குதல் முயற்சி வரும் ஐபி முகவரிகளின் பட்டியல்கள் உலகம் முழுக்கப் பகிரப்பட்டன. அப்படி ஒரு பட்டியலை வைத்துச் சர்வர் லாகில் தேடுவது இந்த முறைக்குச் சரியான உதாரணம். ஐபி முகவரி என்றாலே புள்ளிகள்தான். 10.1.2.3 என்று தேடினால் 10.1.213.7 என்ற வேறொரு முகவரியும் மாட்டும். மூன்றாவது புள்ளி, 213-ல் உள்ள 1-ஐத் தனக்குள் எடுத்துக்கொள்கிறது. குற்றமே செய்யாத கம்ப்யூட்டரை நீங்கள் பிளாக் செய்துவிடலாம்.

பெரிய எஃப் போட்டால் புள்ளி வெறும் புள்ளியாகிவிடும். அப்போதும் 10.1.2.34 மாட்டும், ஏனென்றால் அதற்குள் 10.1.2.3 இருக்கிறதே. அதற்கு ‘-டபிள்யூ’ சேர்க்க வேண்டும். முழுச் சொல்லாக இருந்தால் மட்டுமே பொருந்தும்.

நம் 300 பேர் கதையில்?

அங்கேயும் இதே பிரச்சினை இருக்கிறது. ‘வாடிக்கையாளர்கள்’ ஃபைலில் மூன்று வரிகள் இப்படி இருக்கட்டும்:

412,ஹெட்போன்,950
4127,சார்ஜர்,600
88,பவர்பேங்க்,412

‘ஸ்டாப்’ சொன்னவர் 412 என்ற வாடிக்கையாளர் மட்டும். ஆனால் சும்மா 412 என்று தேடினால் மூன்று வரிகளும் போய்விடும். ‘-டபிள்யூ’ போட்டால் 4127 தப்பிக்கும். 88-வது வாடிக்கையாளர் தப்பிக்க மாட்டார். அவர் செய்த தப்பு 412 ரூபாய்க்கு பவர்பேங்க் வாங்கியதுதான்!

இதற்கு ஒரு சின்ன வித்தை உண்டு. எண்களை கிரெப்பிடம் தருவதற்கு முன் ‘செட்’ என்ற கட்டளை வழியாக அனுப்பி, ஒவ்வொன்றுக்கும் முன்னால் ^ குறியும் பின்னால் ஒரு கமாவும் சேர்த்துவிடுங்கள். 412 என்பது ‘^412,’ ஆகிவிடும். ^ என்றால் வரியின் தொடக்கம். வரி 412 என்று தொடங்கி உடனே கமா வந்தால் மட்டுமே பொருந்தும். இந்த வித்தைக்கு ^ குறி தன் தனி அர்த்தத்துடன் இருக்க வேண்டும். அதனால் பெரிய எஃப் போடக் கூடாது.

கணக்கு இன்னும் சிக்கலானால், உதாரணமாக எண் மூன்றாவது பத்தியில் இருந்தால், கிரெப்பை விட்டுவிட்டு ‘ஆக்’ அல்லது ‘ஜாயின்’ பக்கம் போவது நல்லது. அவை பத்திகளைப் புரிந்துகொள்ளும். கிரெப்புக்கு வரி மட்டும்தான் தெரியும்.

விடையே வராவிட்டால்?

எல்லாவற்றிலும் ஆபத்தானது இது. முதல் கட்டளை ஏதோ காரணத்தால் எதையுமே தரவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஃபைல் பெயர் தப்பு, அன்றைய பதில்கள் இன்னும் வந்து சேரவில்லை, யாரோ ‘ஸ்டாப்’பை வேறு மாதிரி எழுதிவிட்டார்கள். எதுவாகவும் இருக்கலாம்.

● வழி 1-ல்: தேடல் சொல் வெறுமையாக நிற்கும். வெறுமையான சொல் எல்லா வரிகளுக்கும் பொருந்தும் என்பது கிரெப்பின் விதி. ‘-வி’ போட்டிருந்தால் 40,000 பேரும் காணாமல் போவார்கள், யாருக்கும் மெசேஜ் போகாது. ‘-வி’ இல்லாமல், டெலீட் செய்ய வேண்டியவர்களைப் பொறுக்க இதே வரியை எழுதியிருந்தால்? எல்லோருமே பொறுக்கப்பட்டுவிடுவார்கள்.

● வழி 2, 3-ல்: இதற்கு நேர் எதிர். காலி ஃபைலில் தேடல் சொல்லே இல்லை, அதனால் எதுவும் பொருந்தாது. ‘-வி’ போட்டிருந்தால் 40,000 பேரும் அப்படியே வெளியே வருவார்கள். ‘வேண்டாம்’ என்றவர்களுக்கும் சேர்த்து மெசேஜ் போய்விடும்.

● பட்டியலில் ஒரு வெற்று வரி இருந்தால்: எந்த வழியானாலும், அந்த ஒற்றை வரி எல்லாவற்றுக்கும் பொருந்திவிடும். மீதி 299 எண்களுக்கு வேலையே இல்லை. மேலே சொன்ன ‘^412,’ வித்தையில் இந்தத் தொல்லை இல்லை. வெற்று வரி ‘^,’ ஆகிவிடுவதால், கமாவில் தொடங்கும் வரி மட்டுமே மாட்டும்.

● விண்டோஸில் சேமித்த பட்டியல் என்றால்: ஒரே பத்தியாக எண்களை மட்டும் விண்டோஸில் சேமித்தால், ஒவ்வொரு வரி முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து கூடுதலாக இருக்கலாம். லினக்ஸில் கிரெப் அதையும் சேர்த்துத் தேடும், எதுவும் கிடைக்காது. ‘டாஸ்2யுனிக்ஸ்’ என்ற கட்டளை அதை நீக்கிவிடும்.

அனுப்பும் முன் என்ன செய்யலாம்?

முதல் கட்டளையின் விடையை நேராகக் கோக்காமல் ஒரு ஃபைலில் சேமியுங்கள். ‘டபிள்யூசி -எல்’ போட்டு எத்தனை வரிகள் என்று எண்ணுங்கள். ‘ஹெட்’ போட்டு முதல் பத்து வரிகளைக் கண்ணால் பாருங்கள். ஸ்கிரிப்ட்டாக எழுதினால், அந்த ஃபைல் காலியா என்று ‘-எஸ்’ சோதனை வைத்து, காலி என்றால் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு கழித்தல் கணக்கு. 40,000 பேர் இருந்தார்கள், 300 பேர் ‘ஸ்டாப்’ சொன்னார்கள், ஆளுக்கு ஒரு வரிதான் என்றால் 39,700 வர வேண்டும். 39,412 வந்தால் யாரோ அப்பாவிகள் உள்ளே மாட்டியிருக்கிறார்கள். 40,000 வந்தால் பட்டியல் போய்ச் சேரவே இல்லை. 300 வந்தால், பைப்பில் வந்ததை கிரெப் ‘எதில்’ கணக்கில் சேர்த்துவிட்டது. அந்த ‘-எஃப் -’ விட்டுப்போயிருக்கும். போய்ச் சேர்த்துவிட்டு, இன்னொரு தடவை எண்ணிப் பார்த்த பிறகு அனுப்புங்கள்.